காளானை நம்பியவர்களின் பக்கம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். ‘சுப்பர் மரியோ பிரதர்ஸ் வீடியோ விளையாட்டு: சிறந்தது முதற் பாகமா, இரண்டாம் பாகமா?’ என்ற வழக்கில் நான் 1985இல் வந்த முதற் பாகத்துக்காக நிற்கிறேன். இரண்டாம் பாகம் என்ற பெயரில் இரண்டு விளையாட்டுகள் உண்டு. 1988இல் அமெரிக்காவுக்குப் போனது, வேறொரு யப்பானிய விளையாட்டுக்கு மரியோ வேடம் பூட்டியது. எதிரணியினர் தூக்கிப் பிடிப்பதோ 1986இல் யப்பானில் வெளியான அசல் தொடர்ச்சியை.

‘கடினம்தான் விளையாட்டின் உயரம்’ என்றார் எதிரணித் தலைவர். அதற்கு எங்கள் வீட்டுக் கதையே என் பதில். கொழும்புப் புறக்கோட்டையில் அப்பா வாங்கி வந்த சாம்பல் நிற விளையாட்டுப் பெட்டியோடு ஒரு கைந்நூலும் இருந்தது. அதிலிருந்த சீன எழுத்துகளை எங்கள் வீட்டில் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. ஆனாலும் அண்ணாவும் நானும் அன்று மாலையே விளையாடினோம், ஏனெனில் முதல் ‘உலகத்தின்’, அதாவது முதற் கட்டத் தொகுதியின், முதற் கட்டமே எங்களுக்கு ஆசிரியராக இருந்தது. கேள்விக்குறிக் கட்டியை முட்டியதும் வெளிவரும் காளான் வலப்பக்கம் ஓடி, கீழே விழுந்து, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்புகிறது. எதிரி என்று பயந்து பாய்ந்தாலும், தலைக்கு மேலுள்ள கட்டிகள் நம்மைத் தடுத்து அதன் மேலேயே விழுத்திவிடுகின்றன. மரியோ வளர்கிறான், காளான் நல்லது என்று ஒரு சொல்லுமின்றிப் புரிகிறது. மேகத்துக்கும் பற்றைக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் போட வேண்டிய அளவுக்கு, வெறும் 40 கிலோபைற் சிக்கனத்துக்குள் அதை வடிவமைத்த ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வைத்த பாடம் அது.

இரண்டாம் பாகம் அந்தப் பாடத்தைக் கற்றவனைத்தான் முதலில் அடிக்கிறது. அதன் முதற் கட்டத்திலேயே, கட்டிக்குள்ளிருந்து நச்சுக் காளான் வருகிறது!

‘கைதேர்ந்தவர்களுக்கு’ என்று அட்டையிலேயே எழுதித்தானே விற்றார்கள் என்று எதிரணி கேட்கலாம். நியாயம். மரியோவின் தம்பி லூய்ஜிக்குத் தனிப் பாய்ச்சலும் தரையில் வழுக்கும் காலும் தந்தது இரண்டாம் பாகமே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதற் பாகத்தில் அவனுக்கு உடையின் நிறம் மட்டுமே வேறு. ஆனால் முதற் பாகமும் எளிதன்று. எட்டாம் உலகின் மூன்றாம் கட்டத்தில் சுத்தியல் எறியும் சகோதரர்களிடம் நான் இழந்த உயிர்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் பிழை என்னுடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

குறுக்குவழிக் குழாய்களையும் பாருங்கள். முதற் பாகத்தில் அவற்றைத் தேடிப் பிடித்தவன் முன்னே போகிறான். இரண்டாம் பாகத்திலோ, மூன்றாம் உலகின் முதற் கட்டத்தில் ஒளிந்திருக்கும் குழாய் முதலாம் உலகுக்கே திருப்பி அனுப்புகிறது. பாணந்துறையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, நெரிசலில் வெள்ளவத்தை வரை நின்றுகொண்டே வந்தவரிடம், ‘புறக்கோட்டைக்குக் குறுக்குவழி இருக்கிறது’ என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போய் மறுபடி பாணந்துறையிலேயே இறக்கிவிடும் நடத்துநரை, நடுவர் அவர்களே, கெட்டிக்காரர் என்று எதிரணி பாராட்டுமா?