தற்குறின்னா படிக்கத் தெரியாதவங்களா?

தற்குறின்னு திட்டுறோம்ல, அந்த வார்த்தைக்கு நேர் அர்த்தம், கையெழுத்துக்குப் பதிலா போடுற கீறல். பொண்ணுங்க படிப்போட வரலாற்றுல இந்தக் கீறல் பண்ணின குழப்பத்தத்தான் இன்னிக்குப் பாக்கப் போறோம்.

இங்கிலாந்துல 1754லருந்து மாப்ள, பொண்ணு, ரெண்டு சாட்சி, எல்லாரும் கல்யாண ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும்னு ஆச்சு. குவேக்கர்ங்கிற கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க, யூதர்கள், அரச குடும்பம், இவங்களுக்கு விலக்கு. எழுதத் தெரியாதவங்க எப்படிப் போடுவாங்க? பேப்பர்ல போட்டுக் காட்டுறேன், பாருங்க. இது பேரு, இது குடும்பப் பேரு, ரெண்டையும் எழுதறது அடுத்தவர். நடுவுல விட்ட இடத்துல இவங்க ஒரு பெருக்கல் குறி. பக்கத்துல 'இவளுடைய குறி'ன்னு பொடி எழுத்துல இருக்கும்.

இந்தக் குறிகளை எண்ணித்தான் அந்தக் காலத்துப் படிப்பறிவக் கணக்குப் போடுறாங்க. இங்கிலாந்து, வேல்ஸ்ல 1841ல ஆம்பளைங்கள்ல 67 சதவீதம், பொம்பளைங்கள்ல 51 சதவீதம் கையெழுத்துப் போட்டிருக்காங்க. 1900ல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 97.

அப்ப 1841ல மிச்சம் 49 சதவீதம் பொம்பளைங்களுக்கு வாசிக்கவே தெரியாதா? இங்கதான் சறுக்கும். முன்னாடியெல்லாம் வாசிப்பு ஒரு பாடம், எழுத்து வேற பாடம். வாசிப்புக்கு எழுத்து ஒட்டின ஒரு சின்னப் பலகை போதும், ஆறு வயசு வாக்குல ஆரம்பிச்சுடுவாங்க. எழுதறது அதுக்கப்புறம்தான், பல இடத்துல அதுக்குத் தனிக் காசு. வேலையும் லேசுப்பட்டதில்ல. வாத்து இறகச் சாய்வா சீவி, நுனிய நடுவுல பிளக்கணும். பிளவு கோணிச்சுன்னா மை சொட்டும். கொஞ்சம் எழுதினா நுனி மழுங்கிடும், திரும்பச் சீவு. மைக்கு மாசிக்காய ஊறவச்சு, அன்னபேதிங்கிற இரும்பு உப்பு, வேலம்பிசின் சேக்கணும். இதெல்லாம் பையனுக்கு. பொண்ணு கையில ஊசி.

அந்த ஊசியிலயும் எழுத்து இருந்துச்சுங்க! சாம்ப்ளர்னு ஒரு துணி. வீட்டுத் துணிமணியில அடையாளம் போடறதுக்காக குறுக்குத் தையல்ல அகரவரிசை, எண்கள் எல்லாம் தைச்சுப் பழகுவாங்க. பழைய சாம்ப்ளர் நிறையத்துல 'ஜே'யும் 'யூ'வும் இருக்காது. புள்ள மறந்துட்டான்னு நினைக்காதீங்க, அப்ப 'ஐ'யும் 'வி'யுமே அந்த வேலையையும் பாத்துச்சு. தன் பேரைத் தைக்கத் தெரிஞ்சவ, இறகு பிடிச்சுப் பழகாததால ரெஜிஸ்டர்ல குறி போட்டிருக்கலாம்.

சுவீடன் இன்னும் பளிச்சுன்னு இருக்கும். 1686 சர்ச் சட்டம், வேலைக்காரப் பொண்ணுங்க உட்பட எல்லாரும் வாசிக்கக் கத்துக்கணும்னுச்சு. பாதிரியாரே வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஏட்டுல குறிச்சு வைப்பார். பொண்ணுங்க அதுல சளைக்கவே இல்ல. எழுத்து பரவலானது ரொம்பப் பின்னாடி. கையெழுத்த மட்டும் எண்ணினா அந்த ஊரே தற்குறிதான்!

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். பேரை மட்டும் வரையப் பழகினவங்களும் 'படிச்சவங்க' கணக்குல ஏறிடுவாங்க. அதனால ஒரே ஒரு பதிவ வச்சு முடிவு கட்டாதீங்க. தன் கல்யாணத்துல குறி போட்டவ, பின்னாடி வேற கல்யாணத்துக்குச் சாட்சியா வந்திருக்காளான்னு அதே ரெஜிஸ்டரப் புரட்டுங்க. அங்க கையெழுத்து இருந்தா, முதல் குறிய வேற மாதிரி படிக்கணும்.