அந்தப் பட்டியலில் ஒரு காப்பி

அனைவருக்கும் வணக்கம்.

போலீஸ் சோதனை பற்றிப் பேச வக்கீலான என்னைக் கூப்பிட்டபோதே நூலகர் ஐயா ஒரு நிபந்தனை போட்டார்: "செக்ஷன் நம்பரா அடுக்கி எல்லாரையும் தூங்க வச்சுடாதீங்க சார்." ஐந்து எண்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வாசலில் போலீஸ். வீட்டுக்காரர் கதவில் கைவைத்துக்கொண்டு "வாரண்ட் இருக்கா?" என்பார். இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார். நிஜத்தில் பல நேரம் அவர் திரும்பிப் போக வேண்டியதில்லை.

சோதனைக்கான வாரண்ட் நீதிமன்றம் தருவது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 96-வது பிரிவு. எந்த இடம், அதில் எந்தப் பகுதி என்றுகூட நீதிமன்றம் வரம்பு கட்டலாம். மாடி அறை என்று எழுதியிருந்தால் மாடி அறையோடு சரி, அடுப்படிக்கு வர முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 185, வாரண்ட் இல்லாமலே தேட வழி விடுகிறது. தேடும் பொருள் அங்கே இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்ற நிலையும் வேண்டும். இதை அதிகாரி மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது. ஏன் தேடுகிறார், என்ன தேடுகிறார் என்று கேஸ் டைரியில் எழுத வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போயாக வேண்டும். வீட்டுக்காரர் மனுப் போட்டால் அவருக்கும் ஒரு நகல், இலவசமாக. அப்படி மனுப் போட்டவர்களை என் அனுபவத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சரி, இதில் எதையுமே செய்யாமல் உள்ளே புகுந்து ஒரு பொருளை எடுத்துவிட்டால்?

அமெரிக்காவில் 1957-ல் ஒரு குண்டுவெடிப்பு விசாரணைக்காக கிளீவ்லாந்து போலீஸ், டோல்ரி மேப் என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனது. அவர் வக்கீலுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு, வாரண்ட் இல்லாமல் விடமாட்டேன் என்றார். சில மணி நேரம் கழித்து இன்னும் ஆட்களோடு வந்து கதவை உடைத்தார்கள். வாரண்ட் எங்கே என்றதும் ஒருவர் ஒரு தாளைக் காட்டினார். அந்த அம்மா அதைப் பறித்து உடைக்குள் செருகிக்கொண்டார். போலீஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு அவருக்குக் கைவிலங்கு மாட்டியது. கிடைத்தது ஆபாசப் புத்தகங்கள் என்று வழக்கு. அந்தத் தாள் கடைசிவரை நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. 1961-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், முறைகேடான சோதனையில் எடுத்ததை மாநில நீதிமன்றங்களிலும் சாட்சியமாக்கக் கூடாது என்றது.

நம் ஊரில் கதை வேறு. வருமான வரிச் சோதனை பற்றிய பூரன் மல் வழக்கில் 1973-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது: சோதனை முறைகேடாக நடந்திருந்தாலும், கிடைத்த பொருள் வழக்குக்குத் தொடர்புடையதென்றால் சாட்சியம்தான், சட்டம் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ தடுத்திருந்தால் ஒழிய. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்ன பிறகும் பூரன் மல் தீர்ப்பை எடுத்துக் காட்டுவது நிற்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஒரு விதிவிலக்கு போதைப்பொருள் சட்டத்தின் 50-வது பிரிவு. உடம்பைச் சோதிக்கும் முன், "கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் எடுத்ததை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் தீர்ப்பு. ஆனால் பையில் இருந்து எடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. சட்டைப்பைக்கும் தோள்பைக்கும் அவ்வளவு தூரம்!

அதனால்தான் என் கட்சிக்காரர்களிடம் வாரண்ட்டைக் கேளுங்கள், ஆனால் பட்டியலை விடாதீர்கள் என்பேன். முதலில் சொன்ன சன்ஹிதாவின் 103-வது பிரிவு அது. அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள். நீங்கள் கூடவே இருந்து பார்க்கலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம். என்ன எடுத்தார்கள், எங்கே இருந்து எடுத்தார்கள் என்று பட்டியல், சாட்சிகள் கையெழுத்து, உங்களுக்கு ஒரு காப்பி. இப்போது 105 வந்திருக்கிறது: சோதனையையும் பட்டியல் போடுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், செல்போனிலேயே எடுக்கலாம்.

பட்டியலைப் படித்துப் பாருங்கள். "கருப்பு செல்போன் ஒன்று" என்று எழுதினால், "சார், ஐஎம்இஐ நம்பரையும் போட்டுடுங்க" என்று பணிவாகச் சொல்லுங்கள். அந்த நம்பர் ஒவ்வொரு போனுக்கும் தனி; ஊரில் பாதிப் பேரிடம் கருப்பு போன்தான்.

என்னிடம் வந்த ஒரு சிறிய அச்சகக்காரர். கடையில் சோதனை நடந்தபோது மேசை இழுப்பறையில் இருந்ததை அள்ளிப்போனார்கள். பட்டியலில் "காகிதங்கள், ஒரு கட்டு" என்று இருந்தது. பதற்றத்தில் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நீதிமன்ற உத்தரவோடு எட்டு மாதம் கழித்துத் திரும்ப வாங்கப் போனோம். அவருடைய வீட்டுப் பத்திரம் அதில் இல்லை. ஸ்டேஷன் ரைட்டரிடம் கேட்டேன். அவர் பட்டியலை என் பக்கம் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்தார்.

"ஒரு கட்டு எடுத்தோம் சார். ஒரு கட்டு குடுத்துட்டோம்."