யார், என்ன, எங்கே: நிசாஞ்சே மாவட்டத்தின் கதை

நேயர்களுக்கு வணக்கம். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி என்றொரு சிறிய நாடு. அதன் தெற்குக் கோடியில் இருக்கும் மாவட்டம் நிசாஞ்சே. மூன்று பக்கமும் மொசாம்பிக். நடுவே ஷீரே ஆறு ஓடுகிறது. 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 3 லட்சம் பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலும் விவசாயம், கொஞ்சம் மீன்பிடி. தாழ்வான பள்ளத்தாக்கு என்பதால் மழை தப்பினால் பஞ்சம், மிஞ்சினால் வெள்ளம். 2015 ஜனவரியில் வெள்ளம், 2019 மார்ச்சில் இடாய் புயல், 2022 ஜனவரியில் அனா, 2023 மார்ச்சில் ஃபிரெட்டி. அடிமேல் அடி.

ஒவ்வொரு அடிக்குப் பின்னும் தொண்டு நிறுவனங்கள் வருகின்றன. குடிநீருக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, பள்ளிக்கு, சத்துணவுக்கு, கூரைக்கு என்று. இவற்றில் யார், என்ன வேலையை, எங்கே செய்கிறார்கள் என்று எழுதி வைத்து, துறைவாரியாக வரைபடம் போடுவதுதான் நான் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை. ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா இதை உலகம் முழுக்கச் செய்கிறது. இதன் அவசியத்தை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி மூட்டைகள் சாலையோரம் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அங்கும் தொண்டு நிறுவனங்களுக்கென்று ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்க வேண்டிவந்தது.

சரி, வரைபடம் எப்படி உருவாகிறது? முதலில் ஓர் எக்செல் அட்டவணை. அதை நிறுவனங்களுக்கு அனுப்புவோம். நிறுவனத்தின் பெயர், துறை, என்ன பணி, எந்த இடம், எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று நிரப்பி அனுப்புவார்கள். "எங்கே" என்ற கட்டத்தில்தான் எனக்குத் தீராத சண்டை. மலாவியில் மாவட்டத்துக்குக் கீழே பாரம்பரியத் தலைவரின் ஆட்சிப்பகுதி, அதற்குக் கீழே ஊர்த்தொகுதி, அப்புறம் ஊர் என்று படிப்படியாக இருக்கிறது. நிரப்புகிறவர் அவசரத்தில் "நிசாஞ்சே" என்று மட்டும் எழுதிவிடுவார். கணினிக்கு என்ன தெரியும்? மாவட்டம் முழுவதற்கும் சாயம் பூசிவிடும்.

உண்மையில் வேலை எங்கே நடக்கிறது? பெரும்பாலும் தார்ரோட்டை ஒட்டி. பிளாண்டைர் நகரத்திலிருந்து எம்-1 சாலை சிக்வாவா வழியாக இறங்கி, பங்குலாவைத் தொட்டு நிசாஞ்சே வருகிறது. அந்தச் சாலையோரத்து ஊர்களில் பெயர்ப்பலகைகள் நெருக்கியடிக்கும். ஷீரேயின் கிழக்குக் கரை வேறு உலகம். 2015 வெள்ளத்தில் ருவோ ஆறு தடம் மாறிப் பாய்ந்ததில் அங்குள்ள மக்காங்கா பகுதி தீவாகிப்போனது. படகில்தான் போக வேண்டியிருந்தது. காலையில் ஜீப்பில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் படகு ஏறுவார்களா என்ன? ஆனால் வரைபடத்தில் இரண்டு கரைக்கும் ஒரே நிறம்.

இடத்தைச் சரியாக எழுதினால் மட்டும் போதுமா என்றால், போதாது. மாவட்ட மன்றத்தில் ஒரு மாதாந்தரக் கூட்டம். சுவரில் எங்கள் வரைபடம் விழுகிறது. குடிநீர்த் துறைக்கு நீல நிறம். கிழக்குக் கரையில் ஓர் இடம் கருநீலமாகத் தெரிகிறது, நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன என்று பொருள். எல்லோருக்கும் திருப்தி. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கிராம சுகாதாரப் பணியாளர், அரசுச் சம்பளக்காரர். அங்கே ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. அவர் கேட்டார்: "எங்க ஊர் அடிபம்பு நின்னு ரொம்ப நாளாச்சு சார். அதுல நாலு சின்னம் ஒட்டியிருக்கு. நான் யாருக்குப் போன் பண்ணணும்?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. விசாரித்தால், ஒருவர் பணம் கொடுத்தவர். இன்னொருவர் அதை வாங்கி ஒப்பந்தம் போட்டவர். மூன்றாமவர் போர்வெல் போட்ட உள்ளூர் அமைப்பு. நான்காமவர் கை கழுவச் சொல்லிக்கொடுத்தவர். நால்வரும் தனித்தனியாக அட்டவணை நிரப்பியிருக்கிறார்கள், யாரும் பொய் எழுதவில்லை. இருந்தது ஒரே ஒரு பம்பு, அதுவும் ஓடவில்லை. வரைபடத்தில் அடர்நிறம் என்றால் வேலை அதிகம் என்று கண் நம்பிவிடுகிறது. நாங்கள் எண்ணியதோ நிறுவனங்களை. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் எனக்கு அலுக்காது, கேட்கிறவர்களுக்கு அலுத்திருக்கலாம்.

பம்பு என்றதும் ஒரு விஷயம். நம் ஊர் அடிபம்பான இந்தியா மார்க் 2, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சோதித்துப் பார்த்துத் தேறிய பம்பு. மலாவியில் பரவலாக இருப்பது ஆஃப்ரிதேவ். அதற்கு முன்னோடியான மால்தேவ் 1980களில் மலாவியிலேயே உருவானது. பெரிய கருவி எதுவும் இல்லாமல் ஊர்க்காரர்களே கழற்றி மாட்ட வேண்டும் என்பதுதான் ஆஃப்ரிதேவை வடிவமைத்தவர்களின் நோக்கம். அந்த ஊர்ப் பம்பில் தேய்ந்திருந்தது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம். மாட்டத் தெரிந்த ஆள் ஊரிலேயே இருந்தார். வளையத்தை எங்கே வாங்குவது என்பதுதான் கேள்வி.

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. பம்பு நன்றாக ஓடும், குடிக்க வாய்க்கு விளங்காது. அப்போது ஆற்றுக்குத்தான் போவார்கள். ஷீரேயில் முதலைகள் உண்டு. அதைவிடக் கொடியது காலரா. 2022 மார்ச்சில் மலாவியில் தொடங்கிய காலராவில் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் வரைபடத்தில் உப்புப் பம்பும் நல்ல பம்பும் ஒரே புள்ளி.

ஆகவே நான் சொல்லிவருவது இதுதான்: குடிநீர்த் துறையில் நிறுவனங்களை எண்ணுவதை விட்டுவிட்டு பம்புகளை எண்ணுங்கள். ஓடுகிறதா, தண்ணீர் எப்படி, பழுதானால் யார் பொறுப்பு? முடியாத காரியம் இல்லை. ஸ்காட்லாந்து அரசின் நிதியில், ஸ்ட்ராத்க்ளைட் பல்கலைக்கழகமும் மலாவி அரசும் சேர்ந்து நாடு முழுக்க 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர் ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லை மருத்துவத் துறையில். வெறும் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் ஆள் இருப்பார்கள். கிழக்குக் கரையில் டிரினிட்டி என்று ஒரு மிஷன் மருத்துவமனை இருக்கிறது. இப்படிப்பட்ட மருத்துவமனைகள் புயலுக்கு முன்பும் இருக்கும், பின்பும் இருக்கும். திட்டம் எதுவும் புதிதாகத் தொடங்காததால் அட்டவணையில் ஏறுவதில்லை. புதிதாக வருகிற நிறுவனம் "இங்கே யாருமே இல்லையே" என்று கூடாரம் அடிக்கப் பார்க்கும்.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார். கல்வி, சத்துணவு இரண்டையும் பேச நினைத்திருந்தேன், போகட்டும். "எப்போது முடியும்" என்கிற கட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பலரும் அதைக் காலியாகவே விடுவார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது ஆப்பிரிக்கா முழுக்கப் பல திட்டங்கள் பாதியில் நின்றன. முடிவுத் தேதியைத் திருத்த அந்த அலுவலகங்களில் ஆள் இல்லை, அதனால் பழைய வரைபடங்களில் அவர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஓச்சாவின் தரவுத் தளத்தில் இந்த அட்டவணைகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள் நிறத்துக்கு முன் தேதியைப் பாருங்கள். நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.