நெல்லையில எந்த மண் அதிகமா ஆடும்? நிலநடுக்க மண் வரைபடம் போடுற விதம்

(திரையில்: வண்ணார்பேட்டையும் தாமிரபரணியும், மேலிருந்து)

இந்தியாவோட நிலநடுக்கக் கட்டட விதி ஐ.எஸ். 1893, அதோட 2016 பதிப்பு வரைபடத்துல நெல்லைச் சீமையில பெரும்பகுதி இரண்டாம் மண்டலம். ஆபத்து குறைவுன்னு அர்த்தம். ஆனா அந்த வரைபடம் மண்ணைப் பார்த்துப் போட்டதில்ல. 2001 பூஜ் நிலநடுக்கத்துல 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளியிருந்த அகமதாபாத்துல அடுக்குமாடிகள் சரிஞ்சது. சபர்மதி வண்டல் அதிர்வைப் பெருக்கினது அதுக்கு ஒரு காரணம். இங்க வயக்காடும் குளமும் வேகமா பிளாட் ஆகிட்டு இருக்கு.

முதல்ல பழைய கிராம வரைபடத்தை எடுங்க. குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு எல்லாத்தையும் இன்னைக்குள்ள செயற்கைக்கோள் படத்து மேல பொருத்துங்க. குளத்து மேல மனை விழுந்திருந்தா, அங்க மேல கொட்டின மண்ணு, அடியில களி.

(திரையில்: ரிக் வண்டி, கேசிங் குழாய்)

அடுத்து, போர் போடுறவங்ககிட்ட "எத்தனை அடி கேசிங் இறக்கினீங்க?"ன்னு கேளுங்க. கெட்டிப் பாறை தட்டுற வரைக்கும்தான் கேசிங் போகும். அதனால அந்த நீளம், மண்ணும் சிதைஞ்ச பாறையும் சேர்ந்த கனத்தை ஏறக்குறையக் காட்டும். செலவில்லாம இவ்வளவு நல்ல தகவல் வேற எங்கயும் கிடைக்காது.

பிறகு எஸ்பிடி, அதாவது துளைக்குள்ள குழாயை அடிச்சு இறக்கி, மண்ணு எவ்வளவு கெட்டின்னு பார்க்கிற சோதனை. 63.5 கிலோ சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழணும். குழாய் 45 செ.மீ. இறங்கும், முதல் 15-ஐத் தள்ளிட்டு, கடைசி 30 செ.மீ.க்கு விழுந்த அடிகளை எண்ணணும், அதுதான் எஸ்பிடி எண். ஆத்து மணல்ல ஒரு சிக்கல் உண்டு. துளைக்குள்ள தண்ணி, வெளிய உள்ள நிலத்தடி நீர்மட்டத்தை விட இறங்கிட்டா, அடியிலிருந்து மணல் பொங்கும். எண் பொய்யா குறையும். சரளைக்கல் மாட்டினா பொய்யா ஏறும்.

அடுத்து, மண்ணுக்குள்ள அதிர்வலை போற வேகம்; மெதுவா போனா மண்ணு இளகல். அதை அளக்க 24 ஜியோஃபோனை (அதிர்வைப் பதியுற கருவி) ஒரே கோட்டுல குத்தி, இரும்புத் தகட்டுல சம்மட்டியால அடிப்பாங்க. நெடுஞ்சாலை ஓரம்னா லாரி ஓட்டம் குறைஞ்ச ராத்திரியிலதான் பதிவு சுத்தமா வரும்.

(திரையில்: கணக்கு)

மேல 10 மீட்டர் களி, வேகம் விநாடிக்கு 180 மீட்டர். கீழ 20 மீட்டர் சிதைஞ்ச பாறை, 700. வெறும் சராசரி போட்டா 527 வரும். கெட்டி நிலம்னு நினைச்சிருவோம். அது தப்பு. அலை கடக்கிற நேரத்தைத்தான் கூட்டணும்: 10/180 + 20/700 = 0.084 விநாடி. 30-ஐ அதால வகுத்தா 357. வெளிநாட்டு வகைப்பாடுகள் பலதுல 360-க்குக் கீழ வந்தா ஒரு படி இளகின வகை. ஒரு கணக்குப் பிழையில நிலத்தோட வகையே மாறிடுது.

வேகம் 200, மண் 20 மீட்டர்னா நிலத்தோட ஆட்ட நேரம் 4×20/200 = 0.4 விநாடி. நாலு மாடிக் கட்டடமும் ஏறக்குறைய அதே நேரத்துலதான் ஆடும். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா ஆட்டம் கூடும். அதனால வரைபடத்துல வேகம் மட்டும் போதாது, இந்த நேரத்தையும் எழுதுங்க.

நீர்மட்டத்தைக் கோடையில மட்டும் அளக்காதீங்க. பிசான நெல் பருவத்துக்குக் குளம் பெருகி நிக்கிற மார்கழியிலயும் அளங்க. ரெண்டுல எது மேல இருக்கோ அதை எடுங்க. தளர்ந்த மணல், 15-க்குக் கீழ எஸ்பிடி எண், ஆழமில்லாம நிக்கிற நிலத்தடி நீர், மூணும் சேர்ற இடத்தைத் தனியா கோடு போட்டுக் காட்டுங்க. இரண்டாம் மண்டல அதிர்வுக்கு மணல் குழம்பாகிற வாய்ப்பு குறைவுதான். ஆனா அங்க பாலமோ, மேல்நிலைத் தொட்டியோ, ஆஸ்பத்திரியோ வருதுன்னா மணல் குழம்பாகுமாங்கிற கணக்கைத் தனியா போட்டுத்தான் ஆகணும்.