ஊழ் என்ற சொல்லின் கதை

அனைவருக்கும் வணக்கம்.

கைக்கு வந்த வேலை போய்விடுகிறது. நன்றாக இருந்த மனிதர் திடீரென்று படுத்துவிடுகிறார். நினைத்தே பார்க்காத இடத்திலிருந்து உதவி வந்து சேர்கிறது. இதையெல்லாம் இன்று 'விதி' என்கிறோம். இதற்குத் தமிழில் இருந்த பழைய பெயர் ஊழ். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே நமக்குச் சாபம் மாதிரி ஒலிக்கிறது. 'ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்', அதாவது முன்செய்த வினை சினந்து வந்து தன் பலனை அனுபவிக்க வைக்கும் என்ற சிலப்பதிகாரப் பதிகத்து அடியையே மேடைதோறும் கேட்டுப் பழகிவிட்டோம், அதனால் இருக்கலாம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டாலும் பாரியின் மக்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள், உழாமலே விளைவன அங்கே நான்கு உண்டு என்று கபிலர் பாடுகிறார். அதில் ஒன்று, 'தீஞ்சுளைப் பலவின் பழம் ஊழ்க்கும்மே'. ஊழ்க்கும் என்றால் முற்றிப் பழுக்கும். பலாவை வெளியிலிருந்து பார்த்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒருநாள் வாசனை வரும். அப்போதுதான் நமக்கு அது திடீர்ச் செய்தி. காய்க்குள்ளே அந்த வேலை எப்போதோ தொடங்கிவிட்டது.

வள்ளுவர் இதே சொல்லைப் பூவுக்கும் வைக்கிறார். கற்றதை எடுத்துச் சொல்லத் தெரியாதவர் 'இணர்ஊழ்த்தும் நாறா மலர்', அதாவது கொத்தாக மலர்ந்தும் மணக்காத பூ. மலர்வதும் ஊழ்த்தல், பழுப்பதும் ஊழ்த்தல்.

முறை என்ற பொருளும் இதற்கு உண்டு. ஊழ், பால், முறை, விதி எல்லாம் ஒருபொருட் சொற்கள் என்று திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரே எழுதியிருக்கிறார். 'யாதும் ஊரே' நமக்கு மனப்பாடம். அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி, கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் போகிற தெப்பம்போல உயிர் 'முறைவழிப் படூஉம்', அதாவது ஊழின் வழியே போகும் என்று கணியன் பூங்குன்றனார் சொல்வதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று அவரால் முடிக்க முடிகிறது. ஆறு இன்று ஒருவரை மேலே தூக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் மனிதன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? 380-ஆம் குறளைப் படித்தால் அப்படித்தான் தோன்றும்: 'ஊழிற் பெருவலி யாவுள?', ஊழைவிடப் பெரிய வலிமை எது இருக்கிறது? அந்தக் குறளோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஏனென்றால் விடாமுயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், 620-இல், அதே வள்ளுவர், சோர்வில்லாமல் முயல்கிறவர்கள் 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்கிறார். உப்பக்கம் என்றால் முதுகு. தோற்று ஓடுகிறவனின் முதுகைத்தான் போரில் வென்றவன் பார்ப்பான். பெருவலி என்று தாமே பெயர் கொடுத்த ஒன்றை அவர் அந்த இடத்தில் ஓட வைக்கிறார்.