அனுப்புகிறவர்களின் ஆயத்தம்

(கம்போடியாவுக்கு அருட்பணிக்காகப் புறப்படும் இளம் தம்பதியருக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ச் சபை கூடிய மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களே, மூப்பர்களே, தாய்மார்களே, என் அன்புக்குரிய தம்பி, தங்கையே,

இன்னும் ஏழு வாரங்களில் நம் பிள்ளைகள் இருவரும் புறப்படுகிறார்கள். தங்கை தாதி, தம்பி தமிழ்ப்பள்ளி ஆசிரியர். முன்பு அந்த நாட்டில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இவர்களுக்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னை அழைத்தீர்கள். இவர்களிடம் சொல்ல வேண்டியது எனக்குக் கொஞ்சம்தான் உண்டு. பெரும்பகுதியை, இங்கேயே இருக்கப்போகிற உங்களிடம் சொல்லவே வந்திருக்கிறேன்.

அப்போஸ்தலருடைய நடபடிகளில் 13ஆம் அதிகாரத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அந்தியோகியாச் சபையார் உபவாசித்து, ஜெபித்து, பவுலின் மேலும் பர்னபாவின் மேலும் கைகளை வைத்து அனுப்பினார்கள். 14ஆம் அதிகாரத்தின் இறுதியில் அவ்விருவரும் அதே அந்தியோகியாவுக்குத் திரும்பிவந்து, சபையைக் கூடிவரச் செய்து, தேவன் தங்களைக் கொண்டு செய்தவற்றை அறிவித்தார்கள். புறப்பட்டதும் ஒரு சபையிலிருந்து, கணக்கு ஒப்புவித்ததும் அதே சபையிடம். ஒருவர் தலைமேல் நாம் கை வைக்கும்போது அவருடைய சுமையில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது என்றே நான் இப்பகுதியைப் புரிந்துகொள்கிறேன். ஆராதனை முடிந்து விருந்தும் உண்டபின் அந்தக் கையை எடுத்துக்கொள்வது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. அதுதான் என்னை வருத்துகிறது.

வில்லியம் கேரியின் பெயரை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1793இல் இங்கிலாந்தை விட்டு வங்காளத்துக்குப் போன அவரை நவீன அருட்பணியின் தந்தை என்கிறோம். அவருடைய மனைவி தொரத்தியைப் பற்றி நாம் மேடைகளில் பேசுவதில்லை. அந்த அம்மையார் போக விரும்பவில்லை. நிறைமாதமாக இருந்தார், கடலைக் கண்டறியாதவர். கேரி மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். ஏதோ தடையால் அந்தப் பயணம் நின்றுபோய், வேறு கப்பல் கிடைப்பதற்குள் அவர் வீடு திரும்பி மன்றாடியபோது, தம் தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று தொரத்தி இசைந்தார். அடுத்த ஆண்டே அவர்களின் சிறு மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். அதன்பின் அந்தத் தாயின் மனநிலை கலங்கியது. 1807இல் இறக்கும்வரை அது தெளியவேயில்லை. கேரியின் உழைப்பைக் குறைத்துப் பேச நான் யார்? அவர் எத்தனை மொழிகளில் வேதத்தைக் கொண்டுவந்தார் என்பதை எண்ணி இன்றும் வியக்கிறேன். ஆனால் அழைப்பு ஒருவருக்கும் பயணம் இருவருக்குமாக இருந்தால், அந்த இரண்டாமவரின் மனத்தை யாராவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். தங்கையே, உங்களையும் மூப்பர்கள் தனியாக அழைத்து, ஒரு மாலைப்பொழுது முழுவதும், உங்கள் கணவர் அருகில் இல்லாதபோது, உங்களுடைய அச்சங்களைக் கேட்டறிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "எனக்குச் சம்மதம்" என்று சபை நடுவில் நின்று சொல்வது எளிது.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். 1996இல் நான் புறப்பட்டபோது எனக்கு வயது 29. அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்போது வேலையிலிருந்து ஓய்வுபெற்று, லயத்து வீட்டை விட்டு இந்தப் பட்டணத்துக்கு வந்திருந்தார். என் மோட்டார் சைக்கிளுக்கு 11 மாதத் தவணை பாக்கியிருந்தது. அதைப்பற்றி ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று எண்ணினேன். கர்த்தர் பார்க்கத்தான் செய்தார், ஆனால் தவணையைக் கட்டியவர் என் அம்மா. துணி விற்றுச் சீட்டில் சேர்த்த பணத்திலிருந்து கட்டினார். அது எனக்கு மூன்று ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. நான் போன நான்காம் மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. சபையில் என்மேல் கை வைத்தவர்கள் நல்லவர்கள். அவர்களில் ஒருவருக்கும் அன்றிரவு தகவல் போகவில்லை, ஏனெனில் யாரை அழைப்பது என்று என் அம்மாவிடம் எவரும் சொல்லிவைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த மாரியம்மன் கோயில் பூசாரி ஐயா தம்முடைய வேனில் அப்பாவை ஏற்றிக்கொண்டு ஈப்போ மருத்துவமனைக்குப் போனார்; விடியும்வரை உடனிருந்தார். அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் நன்றியில் என் தொண்டை அடைக்கிறது. அதே நினைவு, நாங்கள் செய்யத் தவறியதையும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

விட்டுப்போவதன் வலி நம் மக்களுக்குப் புதியதன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, தகரப்பெட்டியோடு பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 'ரஜூலா' கப்பலின் பெயரை இங்குள்ள மூத்தவர்கள் பலர் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் வாயால் கேட்டிருப்பார்கள். கரையில் நின்ற தாய்மார் பலர் பிள்ளையின் முகத்தை மறுபடி பார்க்கவேயில்லை. அவர்களுக்கு ஆறுதல் சொல்ல அங்கே ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. நம் பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்த நிலை வரக்கூடாது.

கடவுச்சீட்டு, விசா, தடுப்பூசி, ஊழியர் சேமநிதி, வங்கிக் கணக்கில் கையொப்பமிட இன்னொருவர், எழுதிவைத்த உயில் ஆகியவற்றைப் பட்டியலிட்டு வாரம் ஒன்றாக முடித்துவிடலாம். மலேரியா மாத்திரையை மட்டும் மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். அவ்வகை மாத்திரைகளில் பலவற்றைப் புறப்படுவதற்கு முன்பே தொடங்கி, அந்த இடத்தை விட்டு வந்தபின்னும் சில வாரங்கள் உட்கொள்ள வேண்டும்.

மொழிக்கு வருகிறேன். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு ஐயர், தமிழ்ப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். படித்த ஐரோப்பியர் ஒருவர் சிறுவர்களுக்கு நடுவே மாணவராக அமர்ந்த அந்தக் காட்சியே அவருடைய முதல் பிரசங்கம் என்று நான் கருதுகிறேன். தம்பி, நீங்களும் அப்படி அமர வேண்டும். கம்போடியரின் கெமர் மொழியில் 33 மெய்யெழுத்துகள் உண்டு. அந்த எழுத்துமுறை நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது. அவர்களும் இரு கை கூப்பியே வணங்குகிறார்கள். இந்த உறவை நினைத்து மகிழலாம்; ஆனால் அதைச் சொல்லி உரிமை கொண்டாடக்கூடாது. முதல் இரண்டு ஆண்டுகள் மொழிக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இங்கிருந்து, "எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்?" என்று எவரும் கேட்டு எழுதக்கூடாது. கேரிக்கே முதல் விசுவாசி கிடைக்க ஏழு ஆண்டுகள் ஆயின.

நீங்கள் போகிற நாட்டில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நடந்த கொடுமையில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். நான் அங்கே பாத்தம்பாங் நகரில் தங்கியிருந்த வீட்டுக்காரப் பாட்டியிடம் என் குடும்பப் படத்தைக் காட்டியபோது, அவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். தம் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பற்றி அவர் பேசத் தொடங்க ஐந்து ஆண்டுகள் ஆயின. அதுவரை நான் அவருக்குத் தண்ணீர் இறைத்தேன், சந்தைக்குப் போய்வந்தேன். அந்நாட்டின் பெரும்பான்மையோர் பௌத்தர்கள். அவர்களின் விகாரையையும் துறவிகளையும் மதித்து நடக்க வேண்டும், அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டே ஊழியம் செய்ய வேண்டும். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் நம் திருநெல்வேலிச் சீமையின் அசரியா ஐயர் எழுந்து, மேலைநாட்டு மிஷனெரிகளிடம் கேட்டது பொருளையன்று. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றுதான் கேட்டார். இப்போது போகிறவர்கள் நாம். அந்த வேண்டுகோள் நம்மை நோக்கி நிற்கிறது.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேச வேண்டும். அதே அசரியா ஐயரும் அவருடைய தோழர்களும் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியரின் பணத்தால் இந்தியரை அனுப்புவது என்ற உறுதியோடு எழுந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைக்கிற பிடியரிசி வழக்கத்தை என் பாட்டி தோட்டத்திலும் விடவில்லை. அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன், தோட்டத்துக்குத் தோட்டம் போய்த் தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டியே 1960இல், தோட்டங்களை வாங்குவதற்கான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். சிறுகச் சிறுகக் கொடுத்தாலும் மாதந்தவறாமல் கொடுப்பது நமக்குத் தெரிந்த வேலை. பிரிவு ஆராதனையில் உணர்ச்சிவசப்பட்டு எழுதும் பெரிய தொகையைவிட, ஐந்தாம் ஆண்டிலும் வந்துசேரும் 20 ரிங்கிட்டையே இவர்கள் நம்பியிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு, சொல்லத் தயங்கினாலும் சொல்ல வேண்டும். இவர்கள் ஒருவேளை இடையிலேயே திரும்பி வரலாம். உடல்நலம் கெடலாம், மனம் சோர்ந்துபோகலாம். பவுலோடும் பர்னபாவோடும் போன மாற்கு என்னும் யோவான் பெர்கே என்ற ஊரிலேயே பிரிந்து வீடு திரும்பினான். அதனால் பின்னர் பவுலுக்கும் பர்னபாவுக்கும் இடையே கடுங்கோபம் மூண்டது. அதே மாற்கு தனக்கு ஊழியத்தில் பிரயோஜனமானவன் என்று பவுலே பின்னாளில் தீமோத்தேயுவுக்கு எழுதினார். இடைப்பட்ட காலத்தில் பர்னபா அவனைக் கூட வைத்துக்கொண்டார். இவர்கள் திரும்பி வந்தால், காரணம் கேட்குமுன் சோறு போடுங்கள்.

தம்பியின் தாயாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாதந்தோறும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும். தங்கையின் தந்தையார் இரவில் தனியாக இருக்கிறார். பின்வாசல் மேசையில் ஒரு குறிப்பேட்டை வைத்திருக்கிறேன். அதில் பன்னிரண்டு மாதங்களுக்குப் பக்கங்கள் உண்டு; எந்த நாளில் யார் அழைத்துப்போவது, நள்ளிரவில் எந்த எண்ணை அழைப்பது என்று எழுத இடம் விட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் முதல் செவ்வாய்க்கிழமைக்கு நேராக என் பெயரை எழுதிவிட்டேன். தேநீருக்குப் போகுமுன் மற்றவர்களும் எழுதுங்கள்.