பித்தினியாவுக்குப் போக முடியாதவர்கள்

பிரியமானவர்களே,

நம்மில் பலருடைய வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில் பவுலின் பயணங்களைக் காட்டும் வரைபடம் இருக்கும். வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து, இரண்டாம் பயணத்தின் கோட்டின்மேல் விரலை வைத்துப் பாருங்கள். மேற்கே போய்க்கொண்டிருக்கும் கோடு சட்டென்று வடக்கே திரும்பும். அப்புறம் மறுபடியும் மேற்கே வளைந்து, துரோவா என்ற துறைமுகத்தில், கடலோரத்தில் போய் நின்றுவிடும். அச்சிட்ட கோடு வழவழப்பாக இருக்கிறது. நடந்தவர்களுடைய கால்களுக்கு அது அப்படி இருந்திருக்காது.

அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம். கி.பி. 50-ஐ ஒட்டிய காலம். பவுலும் சீலாவும் தீமோத்தேயுவும் போகிறார்கள். ஆசியாவுக்குப் போக வேண்டும் என்பது எண்ணம். ஆசியா என்றால் நாம் இன்று சொல்லும் கண்டம் அல்ல. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ரோம மாகாணம், எபேசு இருந்த இடம். அங்கே வசனத்தைச் சொல்லாதபடி பரிசுத்த ஆவியானவர் தடை பண்ணினார். சரி, வடக்கே பித்தினியாவுக்காவது போகலாம் என்று முயன்றார்கள். அதற்கும் வழியில்லை. ஆவியானவர் அவர்களைப் 'போகவொட்டாதிருந்தார்' என்கிறது நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு.

இந்தச் சொல்லை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வாசல் தாண்டி ஓடப் பார்க்கிற குழந்தையை அம்மா இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போக ஒட்டாமல் வைத்திருப்பாளே, அந்தப் பிடி இந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால் பிடிபட்ட குழந்தைக்கு அது அணைப்பாகத் தெரியாது. திமிறும், அழும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தடை எப்படி வந்தது என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா எழுதவில்லை. வியாதியா, வழியில் ஆபத்தா, உள்ளத்தில் ஓர் உறுத்தலா, தீர்க்கதரிசனமா? எதுவும் இல்லை. ஏன் தடுத்தார் என்பதற்கும் ஒரு வரி கிடையாது. பல நூறு கிலோமீட்டர் நடந்த மூன்று பேர், போகக்கூடாத இடங்கள் இரண்டு தெரிந்தும் போகவேண்டிய இடம் ஒன்றும் தெரியாமல், கடலுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். அவர்கள் கீழ்ப்படியாதவர்கள் அல்ல. ஜெபிக்காதவர்களும் அல்ல. தேவசித்தத்தில் இருக்கிறவர்களுக்கு வழி எப்போதும் தெளிவாகத் தெரியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், துரோவாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் துரோவாவைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். இருபத்துமூன்று வயதில் வெளிநாட்டில் வேதாகமக் கல்வி படிக்க எனக்கு இடம் கிடைத்தது. எத்தனையோ நாள் ஜெபித்துக் கேட்ட காரியம். பெட்டி கட்டி வைத்தாகிவிட்டது. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: 'சரி'. தண்ணீர் வேண்டும் என்றாலும் சரி, முதுகு வலிக்கிறது என்றாலும் சரி, ஜன்னலைத் திற என்றாலும் சரி. முதல் மாதம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குக் கோபம் வரும், எனக்கும் வரும். அப்புறம் மெல்ல மெல்ல, நீட்டிச் சொன்னால் தாகம், வெட்டிச் சொன்னால் வலி என்று காது பழகிக்கொண்டது. ஆறு வருஷம் அப்படியே போனது.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்கள் பலர் 'எல்லாம் நன்மைக்குத்தான்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்பினால்தான் சொன்னார்கள். ஆனாலும் அது என்னைக் குத்தியது. ரோமர் 8:28 எல்லாமே நல்லது என்று சொல்லவில்லை. தேவனை நேசிக்கிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிறது. இரண்டுக்கும் எவ்வளவோ தூரம். பக்கவாதம் நல்லதல்ல. அதை நல்லது என்று சொல்லும்படி ஆண்டவர் என்னிடம் கேட்கவும் இல்லை. துக்கத்தில் இருக்கிறவரிடம் இந்த வசனத்தைக் கொண்டுபோகும்போது தயவுசெய்து மெதுவாகக் கொண்டுபோங்கள். முதல் நாளே சொல்லவேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

அந்தப் படிப்பு எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதைவிடப் பெரியது ஏதோ கிடைத்தது என்று கணக்குக் காட்டவும் என்னால் முடியாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்த நேரங்களில், அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை என்பது எனக்கு எப்படியோ தெரிந்தது. அதை நான் யாரிடமும் நிரூபிக்க முடியாது. ஆனால் அதன்மேல்தான் இன்றுவரை நிற்கிறேன்.

துரோவாவுக்குத் திரும்பி வருவோம். இரவில் பவுலுக்கு ஒரு தரிசனம். மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் நின்று, வந்து எங்களுக்கு உதவிசெய்யவேண்டும் என்று கெஞ்சுகிறான். அடுத்த வசனத்தில் லூக்கா முதல்முறையாக 'நாங்கள்' என்று எழுத ஆரம்பிக்கிறார். அவர் சேர்ந்துகொண்டது அங்கேதான். தரிசனம் கண்டவர் ஒருவர், நிச்சயித்துக்கொண்டவர்கள் எல்லாரும். ஒருவர் கண்டதை மற்றவர்களோடு கலந்து, யோசித்து, அப்புறம் கப்பல் ஏறினார்கள். 'எனக்குக் காட்டினார், யாரும் கேள்வி கேட்கக் கூடாது' என்கிற பிடிவாதம் அங்கே இல்லை.

மக்கெதோனியாவிலுள்ள பிலிப்பி பட்டணத்துக்குப் போனார்கள். ஓய்வுநாளில் பட்டணத்துக்கு வெளியே ஆற்றங்கரையில் ஜெபிக்கிற இடம். தரிசனத்தில் கெஞ்சியது ஓர் ஆண். அங்கே உட்கார்ந்திருந்ததோ சில பெண்கள். அவர்களில் ஒருத்தி லீதியாள், இரத்தாம்பரம் என்னும் ஊதாத் துணி விற்கிறவள். கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தார். அவள் ஊர் எது தெரியுமா? தியத்தீரா. அது எங்கே இருக்கிறது? ஆசியாவில்! எந்த மாகாணத்தில் பேசவேண்டாம் என்று தடுத்தாரோ, அந்த மாகாணத்துப் பெண்தான் ஆற்றங்கரையில் முதலில் கேட்டு விசுவாசித்தாள். இதை முதல்முறை கவனித்த அன்று வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

ஆனால் இதோடு முடிந்துவிடவில்லை. வழிநடத்துதலுக்குக் கீழ்ப்படிந்து வந்த அதே ஊரில் பவுலையும் சீலாவையும் வஸ்திரங்களைக் கிழித்து அடித்தார்கள், உட்காவலறையில் தொழுமரத்தில் கால்களை மாட்டினார்கள். நடுராத்திரியில் அவர்கள் பாடினதை நாம் நிறையச் சொல்கிறோம். மறுநாள் காலையில் நடந்ததைக் குறைவாகவே சொல்கிறோம். அதிகாரிகள் 'விட்டுவிடு' என்று ஆள் அனுப்பியபோது பவுல் நகரவில்லை. ரோமரான எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு, இப்போது இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து வெளியே அழைத்துக்கொண்டுபோகட்டும் என்றார். அவர்களும் பயந்துபோய் வந்தார்கள். தேவன் நடத்துகிறார் என்று நம்புவதற்காக அநியாயத்தை நியாயம் என்று ஒத்துக்கொள்ளவேண்டியதில்லை. உங்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கைத் தீங்கு என்றே சொல்லலாம், கேட்கவேண்டியதைக் கேட்கலாம். அதனால் விசுவாசம் குறைந்துபோகாது.

சரி, அந்தப் பித்தினியா என்ன ஆயிற்று? பேதுருவின் முதல் நிருபத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள், அங்கேயும் விசுவாசிகள் இருக்கிறார்கள். கி.பி. 112-ஐ ஒட்டி அந்தப் பகுதியின் ஆளுநராக இருந்த பிளினி, இவர்கள் பட்டணங்களில் மட்டுமல்ல, கிராமங்களிலும் பரவிவிட்டார்கள் என்று பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். 325-இல் திருச்சபையின் பெரிய சங்கம் கூடிய நிசேயா இருப்பதும் பித்தினியாவில்தான். பவுல் அங்கே போனதாக வேதத்தில் எங்கும் இல்லை. நம் கைக்கு வராத வேலையையும் ஆண்டவர் வேறொருவர் கையில் கொடுத்துச் செய்துகொள்கிறார். இது ஆறுதலாகவும் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. ஆசியாவோ பின்னால் பவுலுக்கே திறந்தது. எபேசுவில் இரண்டு வருஷம் போதித்தார்.

கடைசியாக ஒன்று. சில வருஷங்கள் கழித்துப் பவுல் மறுபடியும் துரோவாவுக்கு வருகிறார். முதல்முறை அந்தக் கடலைக் கடக்க இரண்டு நாள்தான் ஆனது. இந்த முறை பிலிப்பியிலிருந்து திரும்பிவர ஐந்து நாள். அதே கடல்தான். ஆனால் முன்பு போக வழி தெரியாமல் நின்ற அந்த ஊரில் இப்போது அப்பம் பிட்கக் கூடிவருகிற ஜனங்கள் இருக்கிறார்கள். மேல்வீட்டில் அநேக விளக்குகள் எரிகின்றன. விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார். விடிந்ததும் மற்றவர்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு, ஆசோ பட்டணம்வரை தான் மட்டும் தரைவழியாகப் போகிறார். போகிற இடம் எருசலேம். அங்கே தனக்கு என்ன நேரிடும் என்று தெரியாது என்று அவரே சொல்கிறார்.